புது கிராபிக்ஸ் கார்டு, கறுப்புத் திரை: கடைசியில் சிக்கியது ரைசர் கேபிள்

புது கார்டை மாட்டியதும் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பவர் கேபிளைக் கழற்றி மாட்டினேன், ராம் மெமரியை இடம் மாற்றினேன், பலனில்லை. நண்பரின் கணினியில் அதே கார்டு நன்றாக ஓடியது. அங்கே அது நேராக மதர்போர்டில் இருந்தது; என் கேபினெட்டில் கார்டை நிமிர்த்தி வைக்க ஒரு ரைசர் கேபிள் (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) உண்டு. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் 'பிசிஐஇ 3.0' (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் முறையின் மூன்றாம் தலைமுறை). கார்டும் போர்டும் அதைவிட வேகமான 4.0! இரண்டும் 4.0 வேகத்துக்குப் போக, நடுவில் இருக்கும் கேபிளில் சிக்னல் கெட்டுப்போகிறது.

மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) கார்டு ஸ்லாட்டின் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து 'ஜென் 3'க்கு, அதாவது 3.0 வேகத்துக்கு, மாற்றினேன். அப்புறம் கார்டிலிருந்தே படம் வந்தது. அப்பாடா! கேம்களில் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. பயாஸை அப்டேட் செய்தால் இது 'ஆட்டோ'வுக்குத் திரும்பிவிடலாம். அப்போது மறுபடி மாற்ற வேண்டும்.