சார்ஜர் ஏற்க மறுக்கும் பழைய பேட்டரி செல்லை மீட்பது எப்படி?

கேமரா ஃப்ளாஷுக்கு வாங்கிய எட்டு ஏஏ செல்கள் மூன்று வருடமாக இழுப்பறையில் கிடந்தன. சார்ஜரில் போட்டால் ஐந்துக்குச் சிவப்பு விளக்கு மின்னியது. செத்துவிட்டன என்று ஒதுக்கிவைத்தேன். அந்த ஐந்தில் நான்கு இன்று நன்றாக வேலை செய்கின்றன.

இது 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களுக்கு மட்டும். லித்தியம் செல்லில் இதைச் செய்யவே கூடாது. அடிமட்டத்துக்கு வடிந்த லித்தியம் செல்லுக்குள் தாமிரம் கரைந்திருக்கும். திரும்ப ஏற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

முதலில் செல்லின் முனைகளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உள்ளிருக்கும் காரம் கசிந்திருக்கிறது, மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால் மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள்.

என்னுடையது 0.3 காட்டியது. இவ்வளவு குறைந்தால் ஸ்மார்ட் சார்ஜர் அதைப் பழுது என்றே முடிவுகட்டிவிடும். செல்லுக்கு ஒரு சின்னத் தள்ளு கொடுத்தால் போதும், சார்ஜர் ஏற்றுக்கொள்ளும்.

நன்றாகச் சார்ஜான, அதே வகைச் செல் ஒன்றை எடுங்கள். மெல்லிய, கொஞ்சம் நீளமான இரண்டு ஒயர்களால் பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் அரை நிமிடம் தொட்டுப் பிடியுங்கள். மாற்றித் தொட்டால் பெரும் மின்னோட்டம் பாயும். இரண்டு முறை சரிபாருங்கள். செல்லோ ஒயரோ சூடேறினால் உடனே எடுத்துவிடுங்கள்.

நான் பல நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஐந்து செல்லையும் வரிசையாகத் தள்ளிவிட்டு, அப்புறம் மொத்தமாகச் சார்ஜரில் போட்டேன். மறுபடியும் சிவப்பு! மீட்டரை வைத்துக் கவனித்தபோதுதான் புரிந்தது: 1.1 வரை ஏறிய வோல்ட், ஒயரை எடுத்ததும் கண்முன்னே 0.9, 0.7 என்று இறங்குகிறது. ஆகவே ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒயரை எடுத்த கையோடு சார்ஜரில் போடுங்கள். முதல் தடவை ஏற்காவிட்டால் இன்னொரு அரை நிமிடம்.

ஏற்றுக்கொண்டதும் அவசரப்படாதீர்கள். 2000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள செல் என்றால் 200 மில்லிஆம்பியரில் 16 மணி நேரம். இவ்வளவு மெதுவாக ஏறும்போது செல் நிரம்பியதைச் சார்ஜர் கண்டுபிடிக்காமல் போகலாம். கடிகாரத்தைப் பார்த்து நீங்களே எடுங்கள். பிறகு 1 வோல்ட் வரை வடித்து, மீண்டும் ஏற்றுங்கள். மூன்று சுற்று போதும். என் செல் ஒன்றின் கொள்ளளவு 1100, 1450, 1700 மில்லிஆம்பியர்-மணி என்று படிப்படியாகத் தேறியது. ஐந்தாவது 600-ஐத் தாண்டவில்லை, விட்டுவிட்டேன்.

சார்ஜர் வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிப்பதாக, ஏறிய அளவைத் திரையில் காட்டுவதாக வாங்குங்கள். ஜோடியாக மட்டும் ஏற்றும் சார்ஜர் வேண்டாம். வலுவான செல்லும் பலவீனமான செல்லும் சேர்ந்தால் இரண்டுமே கெடும்.

பிற்சேர்க்கை: மீட்ட செல் ஒரு வாரத்தில் தானாகவே வடிந்துவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது செல்லுக்குள்ளேயே மின்சாரம் கசிவது, சுற்றுகளால் சரியாகாது. முழுதாக ஏற்றி, பத்து நாள் சும்மா வைத்து, எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பாதிக்கும் கீழே போயிருந்தால் அந்தச் செல்லை நம்பி எந்தக் கருவியிலும் போடாதீர்கள்.