மச்சத்துக்குள் மெலனோமா: சாயப் பரிசோதனையில் சறுக்கும் இடங்கள்

பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘எஸ்-100 பாசிட்டிவ், மெலன்-ஏ பாசிட்டிவ்’ என்று பார்த்ததும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிடுபவர்கள் உண்டு. அதுதான் முதல் தவறு. இந்த இரண்டு சாயங்களும், சாக்ஸ்-10-உம், தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் வகைச் செல்களை அடையாளம் காட்டுபவை. சாதாரண மச்சத்திலும் அவை பளிச்சென்று ஏறும்.

மெலனோமாக்களில் பெரும்பாலானவை புதிதாக முளைப்பவை. ஏற்கெனவே இருந்த மச்சத்தில் கிளம்புபவை சுமார் 30 சதவீதம்தான். அப்படிக் கிளம்பும்போது ஒரே ஸ்லைடில் மச்சமும் மெலனோமாவும் ஒட்டியபடி இருக்கும். மொத்தத்தையும் கலந்து ‘சாயம் ஏறிய செல்கள் இத்தனை சதவீதம்’ என்று எண்ணினால் கணக்கு கெட்டுப்போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எச்எம்பி-45 என்ற சாயத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண மச்சத்தில் மேலே அடர்த்தியாகப் பிடிக்கும் சாயம், கீழே போகப் போக மங்கி மறைந்துவிடும். மெலனோமாவில் அந்த ஒழுங்கு குலைந்து, ஆழத்திலும் திட்டுத் திட்டாகத் தெரியும். சரி, அடிவரை ஏறினாலே மெலனோமாவா? புற்றல்லாத நீல மச்சத்திலும் அடிவரை ஏறும். நுனியை மட்டும் சீவி எடுத்த துண்டில் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை, அடிப்பகுதிதான் வரவில்லையே!

பிரேம் (PRAME) சாயம் வந்த பிறகு வேலை கொஞ்சம் சுலபமாகிவிட்டது. மெலனோமாப் பகுதியின் உட்கருக்களில் பரவலாக ஏறி, அடுத்திருக்கும் மச்சத்தில் வெறுமையாக நின்றால் கோடு போட்டதுபோல் எல்லை தெரியும். ஆனால் நார்த்திசு நிறைந்த டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவில் இது பெரும்பாலும் ஏறாது. நெகட்டிவ் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பி16 சாயமும் அப்படித்தான்: முழுக்கக் காணாமல் போயிருந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் அது தங்கியிருக்கும் மெலனோமாக்களும் உண்டு.

கேஐ-67 என்ற சாயம் பெருகும் செல்களைக் காட்டும். எந்தச் செல் என்று சொல்லாது. மச்சத்தைச் சுற்றி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் மொய்த்திருந்தால் அவையும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். மெலன்-ஏ-வுடன் சேர்த்து இரட்டைச் சாயமாகப் போட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

அப்புறம் நிறம். பழுப்பு மெலனின் நிறைந்த மச்சத்தில் பழுப்புச் சாயத்தையே போட்டுவிட்டு, எது சாயம், எது மெலனின் என்று கண்ணைக் கசக்குவதில் பயனில்லை. சிவப்பு கேட்டு வாங்கலாம்.

எனக்கு மிகவும் உறுத்துவது பிரெஸ்லோ தடிமன் அளவு, அதாவது மெலனோமா தோலில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற கணக்கு. மெலனோமா 0.6 மி.மீ., அதற்குக் கீழே பழைய மச்சம் 1.5 மி.மீ. வரை இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். மச்சச் செல்களையும் சேர்த்து அளந்தால், புற்று பரவியிருக்கிறதா என்று நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்க்கும் பேச்சு தேவையில்லாமல் எழும். அந்தப் பேச்சு பொதுவாக 0.8 மி.மீ.-இல் தொடங்குகிறது. மறுபக்கம், சின்னச் செல்களாக மச்சம்போலவே தோற்றமளிக்கும் மெலனோமாவை மச்சம் என்று ஒதுக்கினால் அளவு குறைந்துபோகும். எச்எம்பி-45, பிரேம், கேஐ-67 மூன்றையும் அந்த எல்லையில் வைத்துப் பார்த்துவிட்டு அளவுகோலை எடுப்பது நல்லது.