அரபு நகரம் ஒன்றின் பன்மைப் பண்பாட்டை ஆராய்வது எப்படி: அலெக்சாந்திரியாவை முன்வைத்து

அரபுச் சமூகங்களில் பல இனத்தாரும் பல சமயத்தாரும் கலந்து வாழ்ந்த வரலாற்றை எழுத முனைகிறவர்கள் பெரும்பாலும் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்தே தொடங்குகிறார்கள். தொடக்கம் சரிதான், ஆனால் கிரேக்கரும் இத்தாலியரும் யூதரும் ஆர்மீனியரும் ஒரே கடற்கரைச் சாலையில் காப்பி அருந்திய பொற்காலம் ஒன்று இருந்தது, எகிப்திய அதிபர் நாசரின் ஆட்சியில் அது அழிந்தது என்ற கதையோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. இந்தக் கதையில், நகரின் பெரும்பான்மையினரான அரபு பேசும் எகிப்தியர் காப்பிக் கோப்பையை ஏந்தி வருகிறவர்களாக மட்டுமே தென்படுகிறார்கள். அந்தக் குறையைத் தவிர்க்க, யார் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார் என்ற ஒரே கேள்வியை ஆய்வு முழுவதும் கைவிடாமல் வைத்திருங்கள். எத்தனை மொழிகள் பேசப்பட்டன என்ற கணக்கைவிட இக்கேள்வி உங்களை வெகுதூரம் அழைத்துச் செல்லும்.

முதலில் நகர வரைபடத்தை விரித்து, 1863-இல் ஓடத் தொடங்கிய ரம்ல் ரயில்பாதை பின்னாளில் டிராம் பாதையானபோது அதன் நிலையங்கள் தாங்கிய பெயர்களைப் படியுங்கள். சிசீனியா, ஜனாக்லீஸ், பாக்கோஸ், ஷூட்ஸ், ஃப்ளெமிங் என ஐரோப்பியப் பெயர்கள் வரிசையாக வரும். நடுவே இஸ்லாமியப் பெரியவர் ஒருவரின் பெயரில் சிதி ஜாபிர் நிற்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் யார், எதில் பணம் சேர்த்தார், எந்த நாட்டுக் குடிமகன் என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். சிசீனியா கிரேக்கப் பருத்தி வணிகர். ஜனாக்லீஸ் சிகரெட்டிலும் திராட்சை மதுவிலும் பொருள் ஈட்டியவர். இரண்டாம் பத்தியில் பருத்தி திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி ஐரோப்பிய ஆலைகளுக்கு வராமல் நின்றபோது, எகிப்தின் நீண்ட இழைப் பருத்திக்கு விலை ஏறியது, துறைமுகம் பெருத்தது, பிழைப்புத் தேடி மத்தியதரைக் கடலின் எல்லாக் கரைகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். அதற்கு முன்பே, 1820-இல் நிறைவுற்ற மஹ்மூதிய்யா கால்வாய் நைல் நீரையும் சரக்குப் படகுகளையும் நகருக்குக் கொண்டு வந்திருந்தது. கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டு அந்தக் கால்வாயை வெட்டிய விவசாயிகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்கள் பெயரில் எந்த நிலையமும் இல்லை என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த நாட்டுக் குடிமகன் என்று குறிக்கும் மூன்றாம் பத்திக்கு வாருங்கள். உழைப்பில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். அரபியில் ‘இம்தியாஸாத்’ எனப்பட்ட சலுகை உடன்படிக்கைகளின்படி, ஐரோப்பிய நாடொன்றின் குடிமகன் எகிப்தில் குற்றம் செய்தால் அவனை விசாரிப்பது அவன் நாட்டுத் தூதரக நீதிமன்றமே. தூதரகத்தின் சம்மதமின்றி எகிப்தியக் காவலர் அவன் வீட்டுக்குள் நுழைய முடியாது. வல்லரசுகளின் ஒப்புதலின்றி அவன்மீது புதிய வரியும் போட முடியாது. வெவ்வேறு நாட்டவருக்கிடையிலான வழக்குகளுக்காக 1876-இல் இயங்கத் தொடங்கிய கலப்பு நீதிமன்றங்களில் அயல்நாட்டு நீதிபதிகளே பெரும்பான்மை. நடைமுறை மொழி பெரும்பாலும் பிரெஞ்சு. பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் நாள்தோறும் முகமன் கூறிக்கொண்டாலும், சண்டை என்று வந்தால் அவர்கள் வெவ்வேறு உலகங்களின் குடிகள்.

இந்த ஏற்பாடு தெருவில் எப்படி வெடிக்கும் என்பதற்கு 1882 ஜூன் 11-ஆம் நாளைப் பாருங்கள். கழுதைச் சவாரிக்கான கூலி பற்றி, பிரிட்டிஷ் குடியான மால்ட்டா தீவினர் ஒருவருக்கும் கழுதை ஓட்டிய எகிப்தியருக்கும் மூண்ட தகராறில் எகிப்தியர் கத்தியால் குத்தப்பட்டார் என்றே கலவரத்தின் தொடக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்று மாலைக்குள் இரு தரப்பிலும் பலர் இறந்தனர். ஒரு மாதம் கழித்து, ஜூலை 11-இல், பிரிட்டிஷ் கப்பற்படை நகரைப் பீரங்கியால் தாக்கியது. செப்டம்பரில் நாடே பிரிட்டிஷ் பிடிக்குள் போனது. கூலித் தகராறு படையெடுப்புக்குக் காரணமன்று, நாட்டின் கடன் சுமையும் அயலார் ஆதிக்கத்தை எதிர்த்த படைத்தலைவர் உராபி பாஷாவின் எழுச்சியும்தான் காரணங்கள். ஆனாலும், குத்தியவனை உள்ளூர் நீதிமன்றம் தொட முடியாது என்பது அன்று கூடிய கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

இவ்வளவு சொன்னதும் ‘அயலார் மேலே, அரபியர் கீழே’ என்று எளிய கோடு கிழித்துவிடத் தோன்றும். அதையும் தவிருங்கள். அல்ஜீரியாவும் துனிசியாவும் பிரான்ஸின் ஆதிக்கத்தில் இருந்ததால், அங்கிருந்து வந்த அரபு முஸ்லிம்களும் பிரெஞ்சுத் தூதரகத்தின் பாதுகாப்பைக் கோர முடிந்தது. 1893-இல் இந்நகரில் பிறந்த கவிஞர் பைரம் அத்-தூனிசியை எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கி விற்பவன் தன் காசில் பிள்ளைகளுக்கு எவ்வளவு, நகரவைக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டிய நிலையைக் கேலி செய்து அவர் எழுதிய கவிதை எகிப்தியர் வாயில் இன்றும் புழங்குகிறது. ஐரோப்பிய வணிகர்களின் கை ஓங்கியிருந்த நகரவை அது, 1890-இல் நிறுவப்பட்டது. எகிப்தியத் தெருப்பேச்சை அவரளவுக்குக் கையாண்டவர் குறைவு. ஆனால் அவருடைய பாட்டனார் துனிசியர். அரச குடும்பத்தை எள்ளி எழுதியபோது, பிரெஞ்சுப் பாதுகாப்பிலிருந்த ‘அயலார்’ என்ற காரணத்தால் அவரைச் சிறையிலிட இயலவில்லை. நாடு கடத்தவே முடிந்தது. சலுகையும் தண்டனையும் ஒரே காகிதத்திலிருந்து வந்தன. என் பார்வையில், அலெக்சாந்திரியாவைப் புரிந்துகொள்ள நினைவேக்கம் ததும்பும் ஐரோப்பிய நாவல் எதையும்விட இந்த ஒரு வாழ்க்கை கூடுதலாக உதவும்.

சான்றுகளைத் திரட்டும்போது அவற்றின் மொழியைக் கவனியுங்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மட்டும் படித்தால் நகரம் ஐரோப்பியமாகத்தான் தெரியும். லெபனானிலிருந்து வந்த தக்லா சகோதரர்கள் 1876-இல் இங்கிருந்துதான் ‘அல்-அஹ்ராம்’ இதழை அரபியில் வெளியிடத் தொடங்கினார்கள். எகிப்திய இசையைப் புதுப்பித்த சய்யித் தர்வீஷ் பிறந்தது இங்குள்ள கூம் அத்-திக்கா என்ற எளிய மக்களின் குடியிருப்பில். சிரியரும் வடமேற்கு ஆப்பிரிக்காவின் மக்ரிபியரும் நூபியரும் தெற்கிலுள்ள மேல் எகிப்தியரும் சேர்ந்த இந்த அரபுக் கலப்பு ஐரோப்பியக் கலப்புக்குச் சிறிதும் இளைத்ததன்று.

ஆவணங்கள் கிடைக்காத இடத்தில் பேச்சுமொழி உதவும். எகிப்தியத் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவர் இன்றும் ‘ரோபாபீக்யா’ என்று கூவுகிறார். பழம்பொருள் என்னும் இத்தாலியச் சொற்றொடர்தான் அது. மேசைக்கு வழங்கும் ‘தராபேஸா’ கிரேக்கத்திலிருந்து வந்தது. பாலத்துக்கு வழங்கும் ‘குப்ரி’ துருக்கியம். இறாலுக்கும் விலைப்பட்டியலுக்கும் இத்தாலியச் சொற்களே. சொற்களைத் துறைவாரியாகப் பிரித்து வைத்தால், எந்தச் சமூகம் எந்தத் தொழில் வழியாக எகிப்தியரோடு பழகியது என்பது ஓரளவு புலப்படும்.

முடிவைப் பற்றி எழுதும்போது ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள். 1937-இல் மோந்த்ரே உடன்படிக்கை சலுகைகளை ஒழித்தது. 1947-இன் நிறுவனச் சட்டம் அலுவலர்களில் 75 விழுக்காட்டினரும் தொழிலாளர்களில் 90 விழுக்காட்டினரும் எகிப்தியக் குடிகளாக இருக்க வேண்டும் என்றது. தலைமுறைகளாக வாழ்ந்தும் எந்நாட்டுக் குடியுரிமையும் கைவசமில்லாத பல யூதரும் சிரியரும் இதில் வேலை இழந்தார்கள். 1949-இல் கலப்பு நீதிமன்றங்கள் மூடப்பட்டன. 1956 ஜூலை 26-இல் நாசர் சூயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதாக அறிவித்தது இந்நகரின் மன்ஷிய்யா சதுக்கத்தில்தான். அவ்வாண்டில் பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கிய போருக்குப் பிறகு பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் யூதரில் பெரும் பகுதியினரும் வெளியேற்றப்பட்டனர். கிரேக்கர் பலர் 1961-இன் நாட்டுடைமை ஆணைகளுக்குப் பின் கப்பலேறினர். சலுகையை ஒழித்தது நீதி. சலுகையே இல்லாத ஏழை யூதத் தையற்காரரையும் சேர்த்து வெளியேற்றியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் தயங்க வேண்டாம். நபி தானியால் தெருவிலுள்ள எலியாஹு ஹனாவி யூதத் தொழுகைக்கூடத்தை எகிப்திய அரசே செப்பனிட்டு 2020 ஜனவரியில் திறந்தது. அப்போது நகரில் எஞ்சியிருந்த யூதர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

ஒப்பீட்டுக்கு வளைகுடா நாடுகளை எடுத்துக்கொள்ளலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடிமக்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மொழிக் கணக்கில் பழைய அலெக்சாந்திரியாவைத் துபாய் எளிதில் விஞ்சும். சட்டமோ தலைகீழாக நிற்கிறது: அலெக்சாந்திரியாவில் அயலார் உள்ளூர்ச் சட்டத்துக்கு மேலே நின்றார், வளைகுடாவில் கஃபாலா முறையில் தொழிலாளியின் தங்கும் உரிமை முதலாளியின் பொறுப்பேற்போடு கட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பகுதிக்கான சான்றுகள் தமிழ் வாசகர் பலருக்கு வீட்டிலேயே கிடைக்கும். குவைத்திலிருந்தோ துபாயிலிருந்தோ திரும்பிய சித்தப்பாவோ மாமாவோ இருந்தால், பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது, வேலை மாற யாருடைய கையெழுத்து வேண்டியிருந்தது, அரபியில் எந்தச் சொற்களை முதலில் கற்றார், எவை அவரிடமிருந்து முதலாளி வீட்டுக்குப் போயின என்று கேளுங்கள். பதில்களை அதே நோட்டில், சிசீனியாவுக்கும் ஜனாக்லீஸுக்கும் கீழே, அதே மூன்று பத்திகளில் எழுதுங்கள்.