காணி சுவீகரிப்பு அறிவித்தல் வந்தால் முதலில் பிரிவைப் பாருங்கள்

காணியை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்றதும் பலர் நேரே நட்டஈட்டுக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன், அறிவித்தல் எந்தப் பிரிவின் கீழ் வந்தது என்று பாருங்கள்.

இலங்கையின் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரித்தல் சட்டத்தில், 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் காணி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதிகாரிகள் உள்ளே வந்து பார்க்க, அளக்க அனுமதி, அவ்வளவுதான். 2013இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு ஒட்டியதும் இந்த 2ஆம் பிரிவு அறிவித்தல்தான். உரிமையாளர்கள் பலர் சும்மா இருக்கவில்லை, மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள்.

ஆட்சேபனைக்கு இடம் 4ஆம் பிரிவில். குறைந்தது 14 நாள் தர வேண்டும். எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் ஒரு சிக்கல்: அவசரம் என்று அமைச்சர் 38ஆம் பிரிவில் கட்டளையிட்டால், 2ஆம் பிரிவு அறிவித்தலுக்குப் பிறகு எப்போதும் காணியைப் பொறுப்பேற்கலாம். ஆகவே முதல் அறிவித்தலுடனேயே சட்டத்தரணியைப் பார்ப்பது நல்லது.

7ஆம் பிரிவு உரிமைக் கோரிக்கைக்கு. எங்கள் ஆட்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் இங்கேதான். காணி உறுதி இன்னும் அப்புவின் பேரில், பிள்ளைகளோ கனடாவில்! உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து ஒருவரை விசாரணைக்கு அனுப்பலாம்.

நட்டஈடு குறைவென்றால் 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யுங்கள்.

2ஆம் பிரிவு அறிவித்தலைக் காணியிலோ அருகிலோ ஒட்டினாலே போதும். ஆளில்லாத வளவென்றால் அயலில் யாரிடமாவது கண் வைக்கச் சொல்லுங்கள்.