படச்சீட்டு வந்தால் எப்படிப் படிப்பது? ராஜா, ராணி, ஜாக்கிக்கு ஒரு கையேடு

சீட்டில் குறி பார்க்கப் பழகுகிறவர்கள் எண் சீட்டுகளைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். தடுமாற்றமெல்லாம் பன்னிரண்டு படச்சீட்டுகளில்தான். டைமன் 10 விழுந்தால் "பெரிய பணம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். கிளாவர் ராணி விழுந்தால் "யாரோ ஒரு பெண்" என்பதற்கு மேல் நாக்கு நகராது. எண் என்றால் சம்பவம், படம் என்றால் ஆள் என்று ஒரே வாய்ப்பாடாக மனப்பாடம் செய்ததன் விளைவு இது. ஆளைத் தேட ஆரம்பித்ததும் கேட்ட கேள்வி பின்னால் போய்விடும். அந்தச் சீட்டு வரிசைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது யார் என்பது அதற்கு அப்புறம். பல நேரம் அந்தக் கேள்வியே தேவைப்படாது.

கிளி ஜோசியத்தில் எடுத்த ஒற்றைச் சீட்டின் படமே பலனைச் சொல்லி முடித்துவிடும். இங்கே அப்படி இல்லை, படம் பக்கத்துச் சீட்டோடு சேர்ந்தால்தான் பேசும். இந்தக் கையேடு கடையில் கிடைக்கும் சாதாரண 52 சீட்டுக் கட்டுக்கானது. டாரோ என்பது குறி பார்க்கப் பயன்படும் வேறொரு கட்டு, அதில் ஜாக்கிக்குப் பதில் குதிரைவீரன், பணியாள் என்று இரண்டு படம். அதில் எங்கே மாறுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

முதலில் எண்ணுங்கள்

52-ல் 12 படம். மூன்று சீட்டு எடுத்தால் நூற்றுக்கு 55 தடவை ஒரு படமாவது வந்தே தீரும். ஆகவே ஒரு ராணி வந்துவிட்டாள் என்பதற்காகப் புருவத்தை உயர்த்த வேண்டாம். ஒன்பது சீட்டு விரித்தால் சராசரி இரண்டு படம். நான்கோ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு தடவை. ஒன்றுகூட வராமல் போவது பதின்மூன்று பதினான்கு தடவைக்கு ஒன்று. இந்த இரண்டு ஓரங்களும்தான் கவனிக்க வேண்டியவை. நான்கோ அதற்கு மேலோ என்றால் விஷயம் குறி கேட்பவர் கையில் மட்டும் இல்லை, பலரின் சம்மதம் வேண்டியிருக்கிறது என்று படியுங்கள். ஒன்றும் இல்லை என்றால் முடிவு முழுக்க அவர் தலையில்தான்.

பழைய புத்தகங்களின் பட்டியலை அப்படியே தூக்கி வருவதில் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சு மரபு 32 சீட்டில் வளர்ந்தது: ஒவ்வொரு இனத்திலும் 7 முதல் 10 வரை, மேலே மூன்று படம், ஒரு ஏஸ். அதில் ஒன்பது சீட்டுக்குச் சராசரி மூன்றுக்கு மேல் படம் விழும். "நான்கு ராஜா சேர்ந்தால் பெரும் கௌரவம், மூன்று ராணி என்றால் பெண்களால் ஏமாற்றம், மூன்று ஜாக்கி என்றால் வாக்குவாதம்" என்ற பலன்களெல்லாம் அந்த மரபிலிருந்து வந்தவை. ஒன்பது சீட்டில் நான்கு ராஜாவும் விழ 32 கட்டில் சுமார் 285 தடவைக்கு ஒரு வாய்ப்பு. 52 கட்டிலோ 2,100 தடவைக்கு மேல் ஆகும். பட்டியலை மனப்பாடம் செய்து காத்திருப்பதைவிட, இரண்டு சேர்ந்தால் என்ன என்று தெரிந்துகொள்வது உபயோகம். இரண்டு ராஜா என்றால் சிறிய ஆலோசனை, இரண்டு ராணி என்றால் தோழமை, இரண்டு ஜாக்கி என்றால் மன உளைச்சல்.

கேட்பவருக்கு எந்தச் சீட்டு?

ஐரோப்பியப் பழக்கத்தில் முடி நிறம் பார்த்து ஒதுக்குவார்கள். வெளிர் நிறத்தவருக்கு ஆட்டினும் டைமனும், பழுப்பு முடிக்குக் கிளாவர், கறுப்பு முடிக்கு இஸ்பேடு. நம் ஊரில் இதைக் கடைப்பிடித்தால் கேட்க வருகிற அத்தனை பேரும் இஸ்பேடாகிவிடுவார்கள், அதுவும் கட்டிலேயே தடங்கலுக்கும் கவலைக்கும் பேர்போன இனம்! நிறக்கணக்கை விட்டுவிட்டு விஷயத்தைப் பாருங்கள். வீடு, பாசம், கல்யாணப் பேச்சு என்றால் ஆட்டின். பணம், கடிதம், சொத்து என்றால் டைமன். தொழில், கூட்டு, நட்பு என்றால் கிளாவர். வழக்கு, நோய், பிரிவு என்றால் இஸ்பேடு.

வயதுக் கணக்கிலும் ஒரே விதி கிடையாது. சாதாரணக் கட்டில் வளர்ந்த ஆண் ராஜா, பெண் ராணி, இளவட்டம் ஆணோ பெண்ணோ ஜாக்கி. 1909-ல் லண்டனில் வெளிவந்த ரைடர் டாரோவுக்கு அதை உருவாக்கிய வெயிட் வேறு கணக்கு வைத்தார்: நாற்பது தாண்டிய ஆணுக்குக் குதிரைவீரன், அதற்குக் கீழே ராஜா, நாற்பது தாண்டிய பெண்ணுக்கு ராணி, அதற்குக் கீழே பணியாள். இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு "ராஜா என்றால் பெரியவர்தானே" என்று குழம்புகிறவர்கள் நிறைய. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

கேட்பவரின் சீட்டை முன்கூட்டியே எடுத்து நடுவில் வைத்தால் கட்டில் 51 சீட்டும் 11 படமும்தான் மிச்சம். அந்தப் படம் சொல்ல வேண்டிய சேதி இனி வரவே வராது. பிரெஞ்சுச் சீட்டுக் குறிகாரர் எட்டெய்லா 1770-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு வழி இருக்கிறது. 32 சீட்டோடு தன் பெயரிலேயே முப்பத்துமூன்றாவதாக ஒரு சீட்டைச் சேர்த்து, அதைக் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டார். (அல்லியெட் என்ற தன் குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டு வைத்துக்கொண்ட பெயர் அது.) நமக்கு அந்த வேலைக்கு ஜோக்கர் போதும்.

தலைகீழ் விவகாரம்

இன்றைய சீட்டில் ராஜாவுக்கு மேலேயும் கீழேயும் ஒரே தலை. திருப்பிப் போட்டாலும் தெரியாது. தலைகீழுக்குத் தனிப் பலன் வேண்டுமென்றால் ஒரு மூலையில் பென்சிலால் சின்னப் புள்ளி வையுங்கள், கட்டாயம் முகப்புப் பக்கத்தில். முதுகில் வைத்தால் எடுக்கும்போதே கண் கண்டுபிடித்துவிடும். பழகுகிற முதல் ஆறு மாதம் தலைகீழே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. படச்சீட்டு தலைகீழ் என்றாலே "கெட்ட ஆள்" என்று சொல்லத் தோன்றும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது.

இரட்டைத் தலையால் ஒரு வசதியும் உண்டு. எப்படிப் போட்டாலும் மேல் தலை ஒரே பக்கம்தான் பார்க்கும். உங்கள் கட்டை எடுத்து, பன்னிரண்டு படமும் இடமா வலமா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் அந்தக் கட்டு கிழியும்வரை அதுவே கணக்கு. டாரோவில் ஒற்றைத் தலை என்பதால் தலைகீழானால் பார்வையும் மாறிவிடும். பரவலாகக் கிடைக்கும் ஆங்கிலப் பாணிக் கட்டில் இஸ்பேடு ஜாக்கி, ஆட்டின் ஜாக்கி, டைமன் ராஜா மூன்று பேருக்கு மட்டும் பக்கவாட்டு முகம், ஒற்றைக் கண். இவர்கள் பார்க்கும் பக்கத்துச் சீட்டுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். முதுகுப் பக்கம் இருப்பது அவர்கள் கவனிக்காதது.

படத்தைக் கவிழ்த்துவிட்டுப் படியுங்கள்

வரிசையை விரித்ததும் படச்சீட்டுகளை அதே இடத்தில் கவிழ்த்து வையுங்கள். எண்களை மட்டும் வாசித்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். சிறிய எண் தொடக்கம், பெரிய எண் முதிர்ந்த நிலை. அதற்கப்புறம் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் அது உட்காருகிறது என்று பாருங்கள்.

"மச்சான் கடைக்கு முதல் போடப் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். ஐந்து சீட்டு, இடமிருந்து வலம்: கிளாவர் 4, டைமன் ஜாக்கி, ஆட்டின் 9, டைமன் ராஜா, இஸ்பேடு 2.

அவசரப்படுகிறவர் உடனே ஜாக்கிதான் மச்சான், ராஜா யாரோ பணக்காரர், அவரிடம் வாங்கிக் கொடுங்கள் என்று முடித்துவிடுவார். கேள்வியில் இல்லாத மூன்றாம் ஆள் எங்கிருந்து வந்தார்?

இரண்டு டைமனையும் கவிழ்த்துவிட்டு எண்களைப் பாருங்கள். கிளாவர் 4 சின்ன வியாபாரம். ஆட்டின் 9 ஆசை நிறைவேறும் சீட்டு என்று மரபில் பெயர் வாங்கியது. இஸ்பேடு 2 சின்ன உரசல். "சிறு வியாபாரத்தில் தொடங்கி, ஆசை ஈடேறி, கடைசியில் ஒரு மனக்கசப்பு" என்று வாக்கியம் வருகிறது. இப்போது ராஜாவைத் திறங்கள். பணம் பற்றிய கேள்வியில் டைமன் ராஜா பணத்தைக் கையில் வைத்திருப்பவர், அதாவது கேட்பவரேதான். அதே இனத்து ஜாக்கி? ஒரே வரிசையில் இருவரும் வந்தால் ஜாக்கி தனி ஆள் அல்ல, ராஜாவின் எண்ணம் என்பது பழைய விதி. அந்த எண்ணம் கடைக்கும் பாசத்துக்கும் நடுவே நிற்கிறது. "லாபம் வருமா என்று கணக்குப் போடுகிறீர்கள், ஆனால் கொடுப்பது என்னவோ சொந்தத்துக்காகத்தான், பணம் போவதைவிட, கொடுத்தபின் வரும் சின்னப் பேச்சுத்தான் உங்களை உறுத்தும்." உங்கள் கட்டில் அந்த ஒற்றைக்கண் ராஜா ஆட்டின் பக்கம் பார்த்தால் உரசல் அவர் எதிர்பாராதது. இஸ்பேடு பக்கம் பார்த்தால் ஏற்கெனவே அவருக்குத் தெரிந்தது. எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வதற்கு அதுவே சந்தர்ப்பம்.

ஆள், தன்மை, வேலை என்று மூன்றில் எது என முடிவு செய்யப் பெரும்பாலும் இந்த வரிசை போதும்: கேள்வியிலேயே அந்த இடத்துக்குப் பொருந்தும் ஆள் இருந்தால் அவர், இல்லையென்றால் கேட்பவரின் ஒரு குணம், அதுவும் ஒட்டவில்லையென்றால் செய்ய வேண்டிய காரியம். ராஜா முடிவெடுத்தல், ராணி பராமரித்தல் அல்லது தாங்கிக்கொள்ளுதல், ஜாக்கி சேதி அனுப்புதல் அல்லது கற்றுக்கொள்ளுதல். அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கு ஆட்டின் ராணி தாராளமாகப் பொருந்தும். ராணி என்றாலே பெண்ணைத் தேடாதீர்கள்.

இஸ்பேடு ராணி

அதிகம் சேதம் செய்வது இந்தச் சீட்டு. மரபில் விதவை, கண்டிப்பானவர், சதி செய்பவர் என்று மூன்று பட்டம். "உங்களுக்கு எதிராக வீட்டில் ஒரு பெண் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டால் போதும், கேட்பவர் மனசில் மாமியாரோ நாத்தனாரோ உடனே வந்து உட்கார்ந்துவிடுவார். சீட்டு சொன்னது அதுவல்ல, பெயரை அவரே வைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்குப் போனதும் சண்டை நிஜமாகவே நடக்கும்.

பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். கிளாவர் ஒட்டியிருந்தால் அனுபவப்பட்ட, முகத்துக்கு நேரே பேசும் ஆலோசகர். வக்கீல், தணிக்கையாளர், மேலதிகாரி என்று ஆணாகவும் இருக்கலாம். ஆட்டின் ஒட்டியிருந்தால் இழப்பைத் தாண்டி வந்தவர், அல்லது கேட்பவருக்குள் இருக்கும் அந்தத் துக்கம். டைமன் ஒட்டியிருந்தால் பணத்தில் இறுக்கிப் பிடிப்பது. இருபுறமும் இஸ்பேடாகவே இருந்தால் மட்டும் தனிமை, கோபம், நெடுநாள் மனத்தாங்கல் என்று போகலாம். அப்போதும் ஆளைச் சுட்டாமல் "மனசில் போட்டு வைத்திருக்கும் ஒரு விஷயம்" என்று சொன்னால் போதும், யாரைப் பற்றி என்பதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

கடைசி இடத்தில் படம் விழுந்தால்

முடிவு என்ன என்று கேட்ட இடத்தில் ஒரு ஜாக்கி வந்து நிற்பார். ஆமாம், இல்லை எதுவும் கிடைக்காது. இன்னும் நடக்காத ஒன்று, யாரோ சொல்லப்போகும் வார்த்தைக்காகக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் ஒரே ஒரு சீட்டைப் போடுங்கள். எண் வந்தால் அதுதான் முடிவு. மறுபடியும் படம் வந்தால் மூன்றாவது எடுக்காதீர்கள். கட்டைச் சேர்த்துக் கலைத்துவிட்டு, "அவர் என்ன செய்வார்" என்று கேட்டதை "நான் என்ன செய்யலாம்" என்று மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.