உங்களுக்கேற்ற உளச்சிகிச்சையாளரைக் கண்டடைவது எப்படி?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. பேச்சின் வழியாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், அவருடைய பதிவெண்ணைத் தயங்காமல் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆலோசகர்’ என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. குறுகிய காலப் பயிற்சி முடித்தவர்களும் அதை மாட்டிக்கொள்கிறார்கள்.

நேரம் வாங்குவதற்கு முன், தொலைபேசியிலேயே கட்டணத்தையும், உங்கள் பிரச்சினைக்கு அவர் கையாளும் முறையையும் விசாரியுங்கள். கிருமி பயத்தால் திரும்பத் திரும்பக் கை கழுவும் ஒருவருக்கு, அஞ்சும் பொருளைப் படிப்படியாகத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை உண்டு. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் “மனசை அமைதியா வெச்சுக்குங்க” என்பவரிடம் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.

முதல் அமர்வில் அவர் எவ்வளவு கேட்கிறார், எவ்வளவு பேசுகிறார் என்று கவனியுங்கள். நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியின்றிப் பெற்றோரிடம் சொல்பவரும், கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்பவரும் (இத்தகையோர் அரிதல்லர்) உங்களுக்கு வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சில விதிவிலக்குகளுடன், இரகசியக் காப்பை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. அழுகை தமிழில்தான் வரும் என்றால், தமிழில் பேசுபவரையே தேடுங்கள்.

மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் ஒட்டவில்லையெனில், அதை அவரிடமே சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் முறையை மாற்றுவார், அல்லது வேறொருவரிடம் அனுப்புவார்.

கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். தற்கொலை எண்ணம் இருந்தால் இந்தத் தேடலையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் உடனே அழையுங்கள்.