ஸ்டீல் வாட்ச் செயினில் நடு வரிசைக்கு மட்டும் தங்க முலாம்: புதியவர்களுக்கான செய்முறை

மாப்பிள்ளைக்குப் போடும் வாட்ச் என்றால் எங்கள் சென்னை வண்ணாரப்பேட்டைப் பக்கம் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டூ டோன் செயின்தான். ஓரக் கண்ணிகள் ஸ்டீல், நடுக் கண்ணி தங்க நிறம். உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஸ்டீல் செயின் வாட்ச் இருந்தால், புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. அதன் நடு வரிசைக்கு மட்டும் முலாம் போட்டுக்கொள்ளலாம். நகைப் பட்டறைகள் இருக்கும் சவுகார்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருப்பது நமக்கு வசதி.

முதலில் ஒரு விஷயம். கழற்றுவது, சுத்தம் செய்வது, தங்கம் வேண்டாத இடங்களை மறைப்பது, திரும்பப் பூட்டுவது எல்லாம் வீட்டில் செய்யலாம். முலாம் தொட்டி வேலையைப் பட்டறைக்காரரிடமே விட்டுவிடுங்கள். தங்க முலாம் கரைசல்களில் பெரும்பாலானவை சயனைடு உப்பு கலந்தவை. அதில் அமிலம் கலந்தால் உயிரைக் குடிக்கும் வாயு கிளம்பும். பேனா மாதிரி இருக்கும் சின்ன முலாம் கிட்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செயின் எந்த உலோகம்?

வாட்சின் பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்தால், அந்தச் சொல் மூடிக்கு மட்டும்தான் பொருந்தும். செயின் பித்தளையாகக்கூட இருக்கலாம். லாக்கின் உள்பக்கத்தில் தனியாக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணிகளின் விளிம்பு தேய்ந்த இடத்தில் மஞ்சளோ பழுப்போ எட்டிப் பார்த்தால், அது பித்தளை மேல் குரோம் பூச்சு. அப்படியானால் குரோமை முழுக்க எடுத்துவிட்டுத்தான் முலாம் போட முடியும். முதல் தடவை செய்பவர் அந்த வம்பில் இறங்க வேண்டாம்.

செயினில் ஏற்கெனவே தங்க நிறம் இருந்து மங்கியிருந்தால் அதுவும் வேறு கணக்கு. இப்போதைய வாட்ச்களில் அது பெரும்பாலும் ஐபி அல்லது பிவிடி பூச்சு. டைட்டானியம் நைட்ரைடு என்ற கடினமான பொருளை வெற்றிடத்தில் படிய வைப்பது. அதைச் சுரண்டி எடுப்பது லேசில் ஆகாது. செயினை மாற்றுவதே மேல்.

நிறம், கனம்

இந்த வேலையில் ஜனங்கள் கோட்டை விடுவது நிறத்தில்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் கேட்காமலே போட்டுத் தருவது 22 காரட் நகையின் ஆழ்ந்த மஞ்சள். வாட்ச் கம்பெனிகள் பயன்படுத்துவதோ கொஞ்சம் வெளிறிய 18 காரட் மஞ்சள். டயலைச் சுற்றியுள்ள வளையமும் நேரம் வைக்கும் திருகும் தங்க நிறத்தில் இருக்கும் வாட்சில் செயின் மட்டும் வேறு மஞ்சளாக வந்தால், பார்த்ததும் கண்ணை உறுத்தும். அதனால் வாட்சைக் கையோடு எடுத்துப் போய், வெயிலில் வைத்து நிறத்தைக் காட்டுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாதீர்கள். வளையமும் ஸ்டீல்தான் என்றால், கைக்கெடிகாரத்தின் முள்ளோ டயல் எழுத்தோ தங்க நிறமாக இருக்கிறதா என்று பார்த்து அதற்கு ஒத்துப்போகும்படி கேளுங்கள்.

அடுத்தது கனம். இதை மைக்ரான் கணக்கில் பேசுவார்கள். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய சுவிஸ் வாட்ச்களில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று பின்பக்கம் பொறித்ததைப் பார்த்திருப்பீர்கள். அவை பல பத்தாண்டுகள் தாங்கின. 'பிளாஷ்' என்று பட்டறையில் சொல்வது ஒரு மைக்ரானில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். கடையில் வைத்துப் பார்க்கும்போது ஜொலிக்கும். தினமும் வியர்க்கும் கைக்கு அது தாங்காது.

விலை நியாயமா என்று நீங்களே கணக்குப் போடலாம். நடு வரிசையின் மேல்பரப்பு சுமார் 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மைக்ரான் கனத்துக்குப் பிடிக்கும் தங்கம் சுமார் 20 மில்லிகிராம். 3 மைக்ரான் என்றால் 60 மில்லிகிராம். அன்றைய தங்க விலையால் பெருக்கிப் பாருங்கள். யாராவது 5 மைக்ரான் போட்டுத் தருவதாகச் சொல்லி, அந்தத் தங்கத்தின் விலையைவிடக் குறைவாகக் கூலியும் சேர்த்துக் கேட்டால், 5 மைக்ரான் வராது என்று புரிந்துகொள்ளலாம்.

கழற்றுவது

மேசை மேல் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். தேவையானவை: பின் தள்ளும் கருவி, ஸ்பிரிங் பார் கருவி, சின்ன சுத்தியல், கண்ணியைப் பிடிக்க ஒரு தாங்கி. பாரிமுனைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவரிடம் கேட்டால் எங்கே வாங்குவது என்று சொல்வார்.

முதலில் ஸ்பிரிங் பாரை (வாட்சையும் செயினையும் இணைக்கும் ஸ்பிரிங் கம்பியை) அழுத்தி வாட்சைத் தனியாக எடுத்துவிடுங்கள். நிறம் காட்டப் போவதைத் தவிர, வாட்சை முலாம் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. பிறகு கண்ணிகளின் உள்பக்கத்தைப் பாருங்கள், சின்ன அம்புக்குறி தெரியும். அந்தத் திசையில்தான் பின்னைத் தள்ள வேண்டும். ஒரு முனை பிளந்த பின்னாக இருந்தால், பிளந்த முனை முதலில் வெளியே வரும். சில செயின்களில் பின்னோடு கடுகளவு குழாய் ஒன்றும் இருக்கும். துணி விரிக்கச் சொன்னது அதற்காகத்தான். தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எல்லாக் கண்ணிகளும் கழலாது. பல செயின்களில் லாக் பக்கத்துக் கண்ணிகள் மட்டும்தான் பின் போட்டவை, மற்றவை நிரந்தரமாக இறுக்கியவை. அவற்றைக் கட்டாயப்படுத்தாதீர்கள், மறைத்துப் போடலாம்.

சுத்தமும் மெருகும்

முலாம் எந்தக் கீறலையும் மூடாது. கீறலின் மேலேயே படிந்து அதை இன்னும் எடுத்துக் காட்டும். நடுக் கண்ணியைப் பளபளப்பாகவோ கோடு விழுந்த மேட் ஆகவோ எப்படி வேண்டுமோ அப்படி இப்போதே தயார் செய்யுங்கள். மேட் வேண்டுமென்றால் ஸ்காட்ச் பிரைட்டை ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் கோடுகள் குறுக்குமறுக்காகிவிடும்.

அப்புறம் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ். கண்ணி இடுக்கில் வருஷக்கணக்கில் சேர்ந்த வியர்வை அழுக்கு கருப்பாக வெளியே வரும். தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள். கடைசியில் சுத்தமான தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் எண்ணெய்ப் பசை போய்விட்டது. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பசை இருக்கிறது, மறுபடி தேயுங்கள். அதற்குப் பிறகு வெறும் விரலால் தொட வேண்டாம்.

மறைப்பது

காய்ந்ததும், தங்கம் வேண்டாத இடமெல்லாம் நெயில் பாலிஷ் இரண்டு கோட். ஓரக் கண்ணிகளும் தோலில் படும் உள்பக்கமும் இதில் சேர்த்தி. உள்பக்கத்தை மறைப்பதில் இன்னொரு நன்மை: முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கும், நிக்கல் சிலருக்கு அரிப்பு தரும், உள்பக்கம் வெறும் ஸ்டீலாகவே இருந்தால் தோலுக்குத் தொந்தரவு குறைவு. நடுக் கண்ணியின் பக்கச் சுவர்களில் மெல்லிய தூரிகை பிடித்து, கோடு நேராக வரும்வரை பொறுமையாகப் பூசுங்கள். முடிந்தபின் எப்படித் தெரியப் போகிறது என்பதை இந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது. லாக்கை முழுவதும் மறைத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. மேசையில் உரசும் இடம் அது, தங்கம் அங்கேதான் முதலில் போகும்.

பட்டறையில்

மண்ணடி அல்லது உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் என்.எஸ்.சி. போஸ் ரோடு, தங்கசாலைத் தெரு, வீரப்பன் தெரு எல்லாம் நடக்கும் தூரம். நகை வேலை செய்யும் இடங்களில் விசாரித்து, இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இது ஸ்டீல். முதல்ல நிக்கல் ஸ்ட்ரைக் போட்டு, அது மேல தங்கம் போடுவீங்களா?"

இந்த ஒரு கேள்வி முக்கியம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் எப்போதும் இருக்கும். துருப் பிடிக்காமல் காப்பதும் அதுதான், தங்கத்தை ஒட்டவிடாமல் செய்வதும் அதுதான். அமிலத் தன்மையுள்ள நிக்கல் தொட்டியில் அந்தப் படலத்தை எடுத்து, அதே நேரத்தில் மெல்லிய நிக்கல் படிய வைத்தால்தான் தங்கம் பிடிக்கும். "ஸ்டீல்தானே, நேரா போட்டுடலாம்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள். வெள்ளி, பித்தளை வேலை மட்டுமே பார்ப்பவர்களுக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம்.

செம்புக் கம்பி ஒவ்வொரு கண்ணியையும் தொடும்படி கட்டச் சொல்லுங்கள். கண்ணிகள் தளர்வாக ஆடினால் மின்சாரம் சரியாகப் பாயாது, திட்டுத் திட்டாக வரும்.

வாங்கும்போது ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிரியுங்கள். டேப்பில் தங்கம் வந்தால் வேலை சரியில்லை, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து அசிட்டோனால் நெயில் பாலிஷைத் துடைத்துவிட்டு, அம்புக்குறிக்கு எதிர்த் திசையில் பின்னைச் செருகுங்கள். பிளந்த முனை கடைசியில் போக வேண்டும்.

அசல் தங்கமே வேண்டுமென்றால்

ரோலெக்ஸ் 1933-ல் 'ரோலசோர்' என்று பெயர் பதிவு செய்தது ஸ்டீலும் அசல் தங்கமும் சேர்ந்த இந்தக் கூட்டணியைத்தான். பத்தரிடம் கொடுத்து நடுத் துண்டுகளை 18 காரட்டில் செய்துகொள்ளலாம். 22 காரட் மென்மையானது, பின் துளை சீக்கிரம் விரிந்துவிடும். எடைக் கணக்கு எளிது: 18 காரட் மஞ்சள் தங்கம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி. ஒரு ஸ்டீல் நடுத்துண்டு ஒரு கிராம் என்றால், அதே அளவுத் தங்கத் துண்டு இரண்டு கிராமை நெருங்கும். ஒன்றை நிறுத்துப் பார்த்து எண்ணிக்கையால் பெருக்கினால், இறங்குவதா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

பராமரிப்பு

காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் முலாமின் நுண்துளை வழியாக அடி உலோகம் அரிக்கத் தொடங்கும். இரவில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி வையுங்கள். சென்டை அடித்துக் காய்ந்த பிறகே வாட்சைக் கட்டுங்கள். நகை பாலிஷ் செய்யும் பவுடர் வேண்டவே வேண்டாம், அது தங்கத்தையும் சேர்த்துத் தேய்க்கும். செயினை மாற்றியபின் கம்பெனி வாரண்டியை எதிர்பார்க்க முடியாது. பிற்காலத்தில் வாட்சை விற்றால், முலாம் பின்னால் போட்டது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.